ஆறாம் வகுப்பும் ஒரு நாட் பேரும்

முதலாம் தவணை தொடங்கி ஒரு வாரம் சென்றதும், ஆறாம் வகுப்பிற் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் கையில் அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்தனுப்பும் வழக்கம் எங்கள் பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் இப்போது வேரூன்றிவிட்டது. பிள்ளை காலை 7.30 மணிக்கு முன் வந்துவிட வேண்டும். பாடத்துக்கொரு கொப்பி வேண்டும். வீட்டுவேலையைப் பெற்றார் நாள்தோறும் பார்வையிட வேண்டும். படிப்பதற்கு வீட்டில் அமைதியான ஓரிடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். கூட்டங்களுக்குத் தவறாது சமுகமளிக்க வேண்டும். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு 'வேண்டும்'கள். அடியிலே புள்ளியிட்ட ஒரு கோடு. அதன் கீழ் 'பெற்றார் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.' மறுநாள் அந்தத் தாள் கையொப்பத்தோடு திரும்பி வந்துவிட்டால், வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நாம் ஆறுதல் அடைந்துவிடுகிறோம்.

வெலிமடைப் பகுதியில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திரும்பி வந்த தாள்களை நூற்றுக்கணக்கிற் பார்த்திருக்கிறேன். கையொப்பங்களிற் சில பிள்ளையே இட்டவை என்பது எழுத்தின் வளைவிலேயே தெரியும். சில, பாட்டியின் பெருவிரல் அடையாளங்கள். தாய் வெளிநாட்டிலும் தந்தை கொழும்பிலும் இருக்க, எழுத்தறியாத அந்த மூதாட்டியே வீட்டுவேலையைப் பார்வையிடுவதாக வாக்குறுதி அளித்திருப்பார். அத்தாளுக்கு நான் பகைவன் அல்லன். அதைச் செய்தி என்று கொள்வதைத்தான் மறுக்கிறேன். செய்தி சொன்னோம் என்பதற்கு நாமே எழுதி வைத்துக் கொள்ளும் சாட்சி அது. தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றாரிடம் பாடசாலை உண்மையிலேயே பேச விரும்பினால், அவர்களுக்கு ஏற்ற நேரத்தில், அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று, வாய்மொழியாகப் பேசவேண்டும். பேசுவதோடு, அவர்கள் கேட்பதற்கு விடை சொல்லவும் வேண்டும். இதுவே என் கட்சி.

ஆறாம் வகுப்பை ஏன் குறிப்பாக எடுத்துக் கொண்டேன் என்று வாசகர்கள் வினவலாம். இந்நாட்டில் 1 முதல் 5 வரை ஆரம்பப் பிரிவு. 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலைப் பிரிவு. நகரத்துப் பிள்ளைக்கு இம்மாற்றம் பெரும்பாலும் ஒரே மதிலுக்குள்ளே ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குப் போவது. தோட்டத்துப் பாடசாலைகளிற் பலவோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவன. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளியை விட்டுப் பிள்ளை மலையிறங்கி, பேருந்து பிடித்து, பட்டணத்துக்கு வரவேண்டும். தை மாதத்து மழையும் மூடுபனியும் அறிந்தவர்களுக்கு அந்தப் பயணம் எத்தகையது என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பழைய பள்ளியில் வகுப்பாசிரியை ஒருவரே தமிழும் கணிதமும் சுற்றாடற் பாடமும் பெரும்பாலும் நடத்தினார். பிள்ளைக்குத் தடிமன் என்றாலும் அவருக்குத் தெரியும். அதன் தகப்பன் குடித்துவிட்டு வந்த இரவின் மறுநாளும் அவருக்குத் தெரியும். இங்கே பாடவேளைக்கொரு முறை மணி அடிக்கிறது. நாளொன்றுக்குப் பல பாடவேளை, வேளைக்கொரு முகம். தமிழ், ஆங்கிலம், சிங்களம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சமயம், சுகாதாரம், அழகியல் எனப் பாடங்கள் பத்துக்கு மேல். இத்தனை ஆசிரியரில் எவரிடம் போய்த் தன் மகனைப் பற்றிக் கேட்பது என்பது தாய்க்குத் தெரியாது. இன்னார் பிள்ளை என்பதும் ஆசிரியருக்குத் தெரியாது.

இதனோடு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையின் சுமையும் சேர்ந்துகொள்கிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் படங்கள் பத்திரிகையில் வருகின்றன. அவர்களிற் சிலர் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் போய்விடுகிறார்கள். மற்றவர்கள், அவர்களே பெருந்தொகையினர், பத்து வயதிலேயே 'தவறிவிட்டவன்' என்ற பெயரோடு ஆறாம் வகுப்பின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பெற்றார், இனிப் பாடசாலையிலிருந்து நல்ல சேதி எதுவும் வராது என்று அன்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். அதன்பின் முதலில் வருவது 'வேண்டும்'கள் நிறைந்த அந்தத் தாள்.

பழைய தோட்டப் பள்ளிக்கூடத்தை எண்ணிக் கண்ணீர் வடிப்பவனல்லன் நான். தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமாரின் தலையில் ஏற்றியது. அவர்கள் அதை எவ்வாறு நிறைவேற்றினார்கள் என்பதை மலைநாட்டார் அறிவர். லயத்தின் ஒரு காம்பராவும் கோவில் மண்டபமும் பிள்ளை மடுவத்தின் ஒரு மூலையுமே பள்ளிக்கூடங்களாயின. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் மத்திய கல்லூரிகள் நாடெங்கும் எழுந்தன. அந்த வெளிச்சம் தோட்ட எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற வேளையிலும் தோட்டப் பள்ளிகள் ஒதுக்கி விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்களே அரசுடைமையான பின்னர்தான், 1977 முதலாகப் படிப்படியாக அவை அரசாங்கப் பாடசாலைகளாயின. அந்த நாள் வராதிருந்தால் ஆறாம் வகுப்பைப் பற்றிப் பேசவே இடமிருந்திராது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய தோட்டத்து உபாத்தியாயர் தோட்டத்திலேயே வாழ்ந்தார். இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் கொடுப்பவர் அவர்; பதில் எழுதிக் கொடுப்பவரும் அவர். 1948இல் குடியுரிமை பறிபோன பின், பிரஜாவுரிமை விண்ணப்பங்களை நிரப்புவதற்கும் பல தோட்டங்களில் மக்கள் அவரைத்தான் தேடிச் சென்றார்கள். ஆசிரியரிடம் போவது அவர்களுக்கு அந்நியமான காரியமாக இருக்கவில்லை. ஊவாவில் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன்னே வைத்துக்கொண்டு, 2022இல் மறையும் வரை எழுதி வந்த தெளிவத்தை ஜோசப் அவர்களை இலக்கிய அன்பர்கள் இவ்விடத்து நினைத்துக் கொள்வார்கள். ஊரோடு ஒட்டி வாழ்ந்த ஒரு தலைமுறையின் அடையாளம் அந்தப் பெயர். இன்றைய ஆசிரியர் அவரினும் கற்றவர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிற்சி பெற்ற மலையகப் பிள்ளையாகவும் இருக்கலாம். எனினும் 1.30க்கு மணி அடித்ததும் அவர் ஒரு பேருந்தில் ஏறுகிறார். பிள்ளை மற்றொரு பேருந்தில் ஏறுகிறது.

நம் பழைய நூல்களும் இங்கே நமக்குக் கைகொடுப்பதாயில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது இலக்கணம் சொன்னார். பாடஞ்சொல்லும் முறையும் மாணாக்கனது இலக்கணமும் பாடங்கேட்கும் முறையும் சொன்னார். பெற்றாரின் கடன் இன்னது என்று ஒரு சூத்திரமும் அங்கே இல்லை. குருவின் வீட்டிலேயே மாணாக்கன் உடனுறைந்து கற்ற காலத்தில் அதற்குத் தேவையும் இருந்திராது. லயத்தில் உறங்கிப் பட்டணத்திற் படிக்கும் பிள்ளைக்கு நாம்தான் புதிதாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கு முதற் தடை நேரம். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், மலைக்குப் போகாவிட்டாற் பேரே இல்லை. 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. தொகை ஏறினாலும் கணக்கு ஒன்றுதான்: காலை 10 மணிக்குப் பெற்றார் கூட்டம் வைத்தால், அதற்கு வரும் தாய் ஒரு நாட் பேரை இழந்துதான் வரவேண்டும். வகுப்பாசிரியரின் சம்பளத்தில் அந்தக் கூட்டத்துக்காக ஒரு சதமும் குறைவதில்லை. 'அக்கறை இருந்தால் வருவார்கள்' என்று ஆசிரியர் அறையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! அக்கறைக்கு விலை வைத்து, அதை ஏழையிடம் மட்டும் அறவிடுவது என்ன நியாயம்?

நான் அறிந்த தாய் ஒருத்தி, தன் மகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெறுவதற்காக ஒரு புதன்கிழமை பேரை விட்டுவிட்டு மூன்று மைல் நடந்து, பேருந்தில் ஏறி வந்தாள். எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். வகுப்பாசிரியர் அன்று விடுமுறை. மற்றவர்கள் பாடவேளையில் இருந்தார்கள். அலுவலக வாசலில் 10 மணி முதல் 1 மணி வரை நின்றாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. இறுதியில் அறிக்கை அவள் கையில் கொடுக்கப்பட்டது; ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. அடுத்த தவணை அவள் வரவில்லை. 'பெற்றார் ஒத்துழைப்பு இல்லை' என்று அந்தப் பிள்ளையின் பதிவில் எழுதப்பட்டிருந்ததை நானே என் கண்ணாற் கண்டேன்.

அடுத்தது, எழுத்தின் தடை. பாடசாலைக் கடிதங்களின் நடையை ஒருமுறை உரத்து வாசித்துப் பாருங்கள். 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்கு அறியத் தருவதாவது' என்று தொடங்குகிற கடிதத்தை, ஐந்தாம் வகுப்பு வரை படித்த தாய் என்ன செய்வாள்? பிள்ளையிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வாள். பதினோரு நாட்கள் பாடசாலைக்கு வராத ஒரு பையனிடம் அதுபற்றிய கடிதம் கொடுத்தனுப்பப்பட்டது. அவன் அதை அம்மாவுக்கு அழகாக வாசித்துக் காட்டினான்: அடுத்த வாரம் சிரமதானம், விரும்பியவர்கள் வரலாமாம். அவனை நான் பெரிதும் குறைகூற மாட்டேன். தன்மேற் சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையைத் தானே சுமந்து சென்று தானே வாசித்துக் காட்டும் தபாற்காரனாக அவனை ஆக்கியவர்கள் யார்? இதைவிட எனக்குத் துயரம் தருவது வேறொன்று. தாயின் அறியாமையைப் பிள்ளை ஒவ்வொரு தாளிலும் கண்டுகொள்கிறது. 'அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது' என்பதை அது பாடசாலையில்தான் கற்றுக்கொள்கிறது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் அதே பிள்ளை படிப்பை விட்டு நிற்கும்போது அதைத் தடுக்கத் தாயின் சொல்லுக்கு வலிமை இருப்பதில்லை.

தாளில் உள்ள 'வேண்டும்'களையும் சற்றே பார்ப்போம். அமைதியான ஓரிடம் ஒதுக்க வேண்டுமாம். பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஆறு பேர், அடுப்பு, சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி. ஒதுக்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது? 7.30க்கு முன் பிள்ளை வரவேண்டும் என்பது நியாயமே; ஆனால் தாய் பிரட்டுக்களத்துக்குப் போவது அதற்கும் முன்னதாக. பிள்ளை தானே எழுந்து, தம்பியையும் தங்கையையும் பிள்ளை மடுவத்தில் விட்டு, தானே தலைவாரிக்கொண்டு வருகிறது. பத்து நிமிடம் பிந்தினால் வாயிற்கதவு மூடியிருக்கும். இவற்றை எழுதியவர் கெட்ட மனத்தோடு எழுதவில்லை. வேறெங்கோ, மேசையும் கதிரையும் மின்விளக்கும் உள்ள ஒரு வீட்டை மனத்திற் கொண்டு எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

இனி, நான் கண்ட ஒரு நற்காரியத்தைச் சொல்ல வேண்டும். இளம் ஆசிரியை ஒருவர், தம் பெயர் வெளிவருவதை விரும்பாதவர், ஒரு மாலைப் பொழுதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டத்துக்குப் போனார். மாரியம்மன் கோவில் திண்ணையில் தாய்மார்களை உட்காரவைத்து, ஐந்தாறு கொப்பிகளை விரித்தார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் மூன்று கேள்வி கேட்கலாம் என்றார். பக்கத்தின் தலையில் இன்றைய திகதி இருக்கிறதா? திகதிக்குக் கீழே எழுத்து இருக்கிறதா? எழுத்தின்மேற் சிவப்பு மை இருக்கிறதா? மாலையில் நிறுவை நடக்கும்போது கணக்குப்பிள்ளை எழுதும் இலக்கத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துப் பழகிய பெண்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? அங்கேயே தொடங்கிவிட்டார்கள். "இந்தக் கணக்குக் கொப்பியில ரெண்டு வாரமா ஒண்ணுமே இல்லயே டீச்சர்? புள்ள எழுதலயா, சேர் வரலயா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

அந்தக் கேள்வி மறுநாட் காலை ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்தது. 'நம்மைக் கண்காணிக்கத் தோட்டத்து ஆட்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டாள்' என்று சிலர் முணுமுணுத்தார்கள். அம்முணுமுணுப்பிலேயே முழு விஷயமும் அடங்கிக் கிடக்கிறது. மூன்றாவது கேள்வி, சிவப்பு மையைப் பற்றியது, பிள்ளையை நோக்கியதன்று; எங்களை நோக்கியது. பெற்றார் பாடசாலையோடு ஒத்துழைக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது, அவர்கள் பாடசாலையை எதுவும் கேட்காமலே ஒத்துழைக்க வேண்டும் என்றுதான் நம்மில் பலர் உள்ளூர நினைக்கிறோம்.

அச்சிட்ட தாளில் பாடசாலையின் பங்கைப் பற்றி ஒரு வரியேனும் இருக்கக் கூடாதா? தோட்டத்துப் பாடசாலைகளிற் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை இருப்பது யாவரும் அறிந்ததே. ஆறாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லையென்றால் அதை முதல் மாதமே பெற்றாருக்குச் சொல்லிவிட வேண்டும். 'இந்தப் பாடத்துக்கு இப்போது ஆளில்லை, வலயத்துக்கு எழுதியிருக்கிறோம், உங்கள் கையொப்பமும் சேர்ந்தால் நன்று' என்று சொல்வதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? தவணைப் பரீட்சையில் பிள்ளை கணிதத்தில் 12 புள்ளி எடுத்த பின், தகப்பனை அழைத்து, வீட்டிலே கவனிப்பு இல்லை என்று கடிந்துகொள்வதல்லவா வெட்கத்துக்குரியது?

எதிர்பார்ப்பு என்ற சொல்லை நாம் விதி என்ற பொருளில் மட்டுமே வழங்கிவிட்டோம். அதற்கு நம்பிக்கை என்ற பொருளும் உண்டு. 1968இல் அமெரிக்காவில் ரொசன்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடசாலையில் எழுந்தமானமாக ஐந்திலொரு பங்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, இவர்கள் இவ்வாண்டு நன்கு மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களைக் காட்டிலும் முன்னேறியிருந்ததாகக் கண்டார்கள். அந்த ஆய்வின் முறைபற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. அதை வேதவாக்காக நான் கொள்ளவில்லை. ஆனால் 'இதுகளுக்கு இவ்வளவு போதும்' என்று தோட்டத்துப் பிள்ளைகளைச் சுட்டிச் சொல்லும் குரலைக் கேட்டவர்களுக்கு, எதிர்பார்ப்பின்மை பிள்ளையை என்ன செய்யும் என்று அறிய ஆய்வு வேண்டியதில்லை. அக்குரல் பட்டணத்தில் மட்டும் எழுவதாகவும் எண்ண வேண்டாம். தோட்டத்திற் பிறந்து ஆசிரியராகி, தோட்டத்தை மறந்தவரிடமும் எழுவதுண்டு.

நிற்க. பெற்றார்மேற் குறையே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. வெலிமடை என்றதும் வெளியாருக்கு உருளைக்கிழங்கும் போஞ்சியும் கரட்டும் நினைவுக்கு வரும். உமா ஓயாப் பள்ளத்தாக்கின் மரக்கறி நிலங்களில், கிழங்கு தோண்டும் நாட்களில், பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் கூலி கிடைக்கிறது. அந்தக் கூலியை எண்ணிப் பிள்ளையைத் தாமே வயலுக்கு அனுப்பும் பெற்றார் இருக்கிறார்கள். சாராயக் கடையில் கொப்பிக் காசைத் தொலைக்கும் தகப்பன்மார் இருக்கிறார்கள். சட்டம் இவர்களைச் சும்மா விடுவதில்லை: 1997இல் இயற்றிய ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கியது; 2016இல் அந்த எல்லை 16ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் சட்டத்தின் கை, பிள்ளை நின்ற பிறகுதான் நீளுகிறது. கிழங்கு தோண்டும் காலம் எப்போது வரும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அதற்கு இரண்டு வாரம் முன்னே ஆசிரியர் ஒருவர் லயத்துக்குப் போய், 'இந்த மாதம் கணிதத்திற் பின்னம் தொடங்குகிறோம். இரண்டு நாள் விட்டாற் பிள்ளை பிறகு பிடிக்க மாட்டாது' என்று முகம் பார்த்துச் சொன்னால், எல்லாரும் கேட்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் கேட்பார்கள். பதினோரு நாள் கழித்து அனுப்பும் கடிதத்தை யார் கேட்கிறார்கள்?

கைத்தொலைபேசி வந்துவிட்டதே, வாட்ஸ்அப் குழு வைத்துவிட்டோமே என்பார்கள். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதன் பயனையும் பயனின்மையையும் ஒருங்கே கண்டோம். அலை கிடைக்கும் இடம் தேடி ஊவாவின் பிள்ளைகள் பாறைமேல் ஏறி நின்ற படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. வீட்டில் ஒரே தொலைபேசி. அதுவும் அண்ணனோடு கொழும்புக்குப் போய்விடும். இருந்தபோதிலும், அந்தக் கருவியில் நல்லதொரு வசதி உண்டு. அதில் குரலை அனுப்பலாம். அதே கடிதத்தைப் படமெடுத்துக் குழுவிற் போடுவதற்குப் பதிலாக, வகுப்பாசிரியர் தம் சொந்தக் குரலில், நாம் வீட்டிற் பேசும் தமிழில், ஒரு நிமிடம் பேசி அனுப்பினால், எழுத்தறியாத பாட்டியும் கேட்பாள். இடையில் வாசித்துக் காட்டும் தபாற்காரன் வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு தடவையாவது அக்குரல் நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடசாலையின் அழைப்பென்றால் குற்றச்சாட்டு என்றே அஞ்சிப் பழகிய காது அது.

தமிழ்நாட்டில் 1958 முதல், காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித்துறையின் தலைமையில் இருந்த நாட்களில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. ஊரார் பள்ளிக்கு வந்து, அதற்கு என்ன தேவை என்று கேட்டு, தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். அண்மையில், கொரோனாவுக்குப் பின், 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் பிள்ளைகளின் குடியிருப்புக்கே தன்னார்வலர்களை அனுப்பியது. அவற்றை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. மாலை வேளையையும் குடியிருப்பையும் ஓர் அரசாங்கமே தெரிந்தெடுத்தது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன். அதற்கு அங்கே புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆசிரியர்மேல் இன்னும் ஒரு சுமையா என்ற கேள்வி நியாயமானது. பத்திரங்கள் நிரப்புவதிலேயே அவர்களின் பாதி நாள் கழிகிறது. 2022இன் நெருக்கடிக்குப் பின் பேருந்துக் கட்டணமே அவர்களுக்குப் பெருஞ்சுமை. ஆகவே இதைத் தொண்டு என்று சொல்லி அவர்கள் தலையிற் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். ஒரு தவணைக்கு ஒரு மாலை. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு ஆசிரியர். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நலம். போக்குவரத்துச் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுக்கட்டும். மறுநாள் முதல் இரண்டு பாடவேளையும் அவர்களுக்கு ஓய்வாக விடப்படட்டும். இதைக் கடமை நேரமாகக் கணக்கிடலாம் என்று வெலிமடைக் கல்வி வலயம் அதிபர்களுக்கு ஒரு வரி எழுதினாற் போதும். அந்தத் தாளையும் எடுத்துச் செல்லலாம். 'வேண்டும்'களை ஐந்தாகக் குறைத்து, எதிர்ப்பக்கத்திற் பாடசாலை செய்வது இன்னதென்று ஐந்து எழுதி, கையொப்பக் கோட்டை இரண்டு பக்கமும் போட்டு.

இடமாகக் கோவில் திண்ணையோ பிள்ளை மடுவமோ போதும். நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் லயம் வந்து சேர மாலை 5 மணிக்கு மேலாகும். அதற்கு முன் போகிற ஆசிரியர் வெறும் வாசல்களைத்தான் காண்பார்.